மீனுக்கு இரண்டு ‘ஸ்’

பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் நிற்கிறது. இரண்டு ‘ஸ்’ போட்டால் மீன், ஒன்று போட்டால் விஷம். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்களுக்கு இது பத்து வயதிலேயே தெரிந்துவிடும். எனக்கு முப்பத்து மூன்று வயதில் தெரிந்தது, அதுவும் குருசுக்குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி சொல்லி. தெரிந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்கு எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல் பொங்குகிறது.

பிரெஞ்சுக்காரர் போய் நம் கொடி ஏறி, காகிதமெல்லாம் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாகக் கிடந்த வருஷங்கள் அவை. ஊரில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நான் வேலை பார்த்தேன். சீசா கழுவச் சேர்ந்தவன். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் கூட்டிக் கூட்டிப் படித்து, பதிவேடு எழுதுகிற அளவுக்கு வந்திருந்தேன். நாங்கள் அந்த இடத்தை ‘லபோ’ என்போம். வெளியே இருக்கிறவர்களுக்கு அது விஷக்கொட்டாய். எந்த வீட்டில் யார் வாந்தி எடுத்து விழுந்தாலும், அவர்கள் தின்று மிச்சம் வைத்தது எங்கள் மேஜைக்கு வரும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ரிக்‌ஷாக்காரர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “உங்க எடத்துல ஒரு மாசம் வேல பாத்தா போதும், பெத்தவ போட்ட சோத்தக்கூட மோந்து பாத்துட்டுத்தான் துன்னணும்.” பாதி உண்மை. நானும் சில நாள் அப்படித்தான் இருந்தேன்.

லபோவுக்குத் தலைவர் எங்கள் முசே, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’. ஐம்பது வயது, ஒல்லி, பிரெஞ்சில் ரசாயனம் படித்த தமிழர். அவருக்கு வேலை விஷத்தைத் தேடுவது. தேடுவதற்கு அவரிடம் இருந்தவை ஒரு ஸ்பிரிட் அடுப்பு, பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணம், அமிலங்கள், கொஞ்சம் செம்புத் தகடு, ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுப் பூனை ஒன்று. சோற்றையோ குழம்பையோ அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, பளபளவென்று தேய்த்த செம்புத் தகட்டை அதில் போடுவார். பாஷாணம் இருந்தால் தகடு கறுக்கும். பாதரசம் இருந்தால் வெள்ளி பூசியதுபோல் ஆகும். ஊமத்தை என்று சந்தேகம் வந்தால் சாற்றில் ஒரு சொட்டைப் பூனையின் கண்ணில் விட்டு, கண்மணி விரிகிறதா என்று பார்ப்பார். அந்தப் பூனை அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மதில் ஏறிவிடும். அதைப் பிடித்து வருவதும் என் வேலைதான்.

அவருக்கு ஒரு குணம் உண்டு. ‘இல்லை’ என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கவே முடியாது. தகடு பளிச்சென்று அப்படியே இருந்தாலும், ‘அகப்படவில்லை’ என்றுதான் எழுதுவார். போலீஸ் கேட்டாலும் அதுதான், அழுதுகொண்டு வந்து நிற்கிற சொந்தக்காரர் கேட்டாலும் அதுதான். எனக்கு அது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. மூன்று எழுத்தைச் சொன்னால் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குமே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை மூலக்குளத்திலிருந்து இரண்டு பேரை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆலையில் வேலை பார்க்கிற ஓர் ஆள், அவனுடைய அம்மா. இருவருக்கும் வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி. கூடவே அந்த ஆளின் மனைவி, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண், கையில் ஒரு சீசாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் வைத்த மீன் குழம்பு. காலையில் அதைச் சாப்பிட்டுத்தான் இப்படி ஆயிற்று என்றாள்.

வார்டில் இருந்த கன்னியாஸ்திரீயை நாங்கள் ‘மாசேர்’ என்று கூப்பிடுவோம். சீசா வந்தால் மாசேர் அதை ஜன்னல் வழியாக எங்களிடம் நீட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரெஞ்சில் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். எனக்குப் பிரெஞ்சு காதால் வந்தது. கூட்டிப் படிப்பேன், எழுத வராது. அதனால் கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பேன். அன்றைக்கு மாசேர் சொன்னது மீன் குழம்பு என்று. நான் எழுதியது ‘சோஸ் து புவாசோன்’.

எங்கள் அலமாரியில் பாதிக் குப்பிகளின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இருக்கிற சொல்லையும் முசே ‘புவாசோன்’ என்றுதான் படிப்பார், என் காதுக்கு. நான் தினமும் துணியால் துடைக்கிற சொல் அது. மீனுக்கும் விஷத்துக்கும் ஒரே சொல்தான் போலிருக்கிறது, நம் தமிழில் மாலை என்றால் பொழுதும் ஆகும் பூவும் ஆகும், அதுபோல என்று நானே முடிவு கட்டியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு அது புரிந்துவிட்டதில் உள்ளூரப் பெருமை வேறு.

புது சர்க்கார் வந்த பிறகு பதிவேட்டில் இருப்பதையெல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்து ஒரு படி போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அதற்காக விழுப்புரத்திலிருந்து ஒரு டைப்பிஸ்ட் வந்திருந்தான். நல்ல பையன். பிரெஞ்சு ஓர் எழுத்து தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணே, இது இன்னா புவாசோன்? எழுத்து சொல்லுங்க, டிக்‌ஷனரில பாத்துக்கறேன்.”

“டிக்‌ஷனரி எதுக்குப்பா? தோ பாரு,” என்று அலமாரிச் சிவப்புச் சீட்டைக் காட்டினேன். “இதான் எழுத்து.”

“அட, இது இங்கிலீஷுலயும் இதேதாண்ணே.”

“அதான் சொல்றேன். எல்லாம் ஒரே பாஷதான், வாய்தான் வேற வேற.”

இப்படி ஒரு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டுச் சீசா கழுவப் போனேன். அவன் டிக்‌ஷனரியைத் திறக்கவே இல்லை. விஷம் கலந்த குழம்பு என்று டைப் அடித்து, மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டான்.

போலீஸ் மூலக்குளத்து மாமியாரிடம் போய், மீன் எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறது. அந்த அம்மா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: “அந்தக் குருசுக்குப்பத்துக்காரிகிட்டதான் என் மருமவ வாங்குனா. நானும் கூடத்தான் நின்னேன். கொறச்சுக் கேட்டதுக்கு மூஞ்ச சுளிச்சிக்கிட்டுக் குடுத்தா. அப்பவே எனக்கு வயிறு என்னமோ பண்ணுச்சு.”

அன்று மாலையே மார்க்கெட் மேஸ்திரி மீன்காரம்மாவின் கூடையைத் தூக்கச் சொல்லிவிட்டார். விஷக்கொட்டாய்க் காகிதம் வருகிற வரைக்கும் உட்காரக் கூடாது. அவளுக்கு அங்கே ஓர் இடம் உண்டு. நடு வரிசையில் தூண் ஓரம், வெயில் படாத கல். அவள் மாமியார் உட்கார்ந்து, பிறகு அவள் உட்கார்ந்த கல். வெயில் படாத கல்லில் காலையில் வைத்த மீன் மத்தியானம் வரை தாங்கும். வெயில் படுகிற கல்லில் பத்து மணிக்கே கண் வெளுத்துவிடும். மீன் விற்கிறவளுக்கு அந்தக் கல்தான் பிழைப்பு.

புதன்கிழமை முசே வேலையை முடித்தார். டைப் அடித்த காகிதத்தில் விஷம் என்று இருந்ததால், யாரோ ஒருவர் வேண்டுமென்றே கலக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகத் தேடினார். பாஷாணம், பாதரசம், எட்டி, ஊமத்தை, அரளி, இன்னும் ஒன்று. தகடு கறுக்கவில்லை. பூனையின் கண் விரியவில்லை, என் முழங்கையில்தான் நகம் பதிந்தது. ‘அகப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் ஒரு கூடை தெரிந்தது. அப்புறம் அதற்குக் கீழே முகம்.

“தொர, பாத்தாச்சா?”

முசே நிமிர்ந்தார். “யாரும்மா நீ?”

“நான்தான் விஷம் வச்சவ. எம் பேர அப்படித்தான் மாத்தியிருக்காங்க மார்க்கெட்டுல. பாத்தாச்சான்னு கேட்டேன்.”

“பாத்தாச்சு. நான் தேடினது அகப்படல.”

“அப்ப இல்ல.”

“இல்லைன்னு நான் சொல்லல. அகப்படலைன்னு சொன்னேன்.”

“ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?”

“நீ வீட்டுல ஊசியத் தேடற. அகப்படல. ஊசி இல்லைன்னு ஆயிடுமா?”

அவள் கூடையை இறக்கிவைத்தாள். “நான் ஊசியத் தேடல தொர. ரெண்டு பேர சாய்க்கிற விஷம்னா அது யான. யானயத் தேடிட்டு அகப்படலைன்னா வூட்டுல யான இல்லைன்னுதான் அர்த்தம்.”

“நான் ஆறு யானயத் தேடினேன். ஏழாவது யான இருக்கலாம்.”

“அப்ப அதையும் தேடு.”

“அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானேம்மா தேட முடியும்.”

“நான் வித்தது சங்கரா. விஷம்னு தூக்கிக் கடல்லயே போடுற பேத்தை மீன் இல்ல. அதே வலையில வந்தத இன்னும் நாலு வூட்டுக்குக் குடுத்தேன். அவங்கள்லாம் நல்லா ஏப்பம் வுட்டுக்கினு இருக்காங்க. இல்லைன்னு ஒரு வார்த்த எழுதிக் குடு. நான் போறேன்.”

முசே பேனாவை மேஜையில் போட்டார். அவருக்கும் அலுப்பு. மூன்று நாளாகத் தேடி ஒன்றும் சிக்காத அலுப்பு. பிரெஞ்சும் தமிழுமாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “இந்தம்மா வித்தது புவாஸ்ஸோன். காகிதத்துல இருக்கிறது புவாஸோன். நடுவுல நான் எங்க போய் முட்டிக்கிறது?”

நான் சிரித்தேன். “ரெண்டும் ஒண்ணுதானே முசே?”

முசே அதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பதில் ஜன்னலிலிருந்து வந்தது.

“ஒண்ணா? காதுல பஞ்சு வச்சிருக்கியா தம்பி? மொதல்ல சொன்னாரே, அது காஞ்ச தோசக்கல்லுல மீனப் போட்டா வர்ற சத்தம். ஸ்ஸ்ஸ். ரெண்டாவது சொன்னது மீனு மேல ஈ மொய்க்கிற சத்தம். எனக்கு அர்த்தம் தெரியாது, சத்தம் தெரியும்.”

காலையிலிருந்து மாலை வரை கூவி விற்கிறவள் காது அது. அவள் அந்தக் காகிதத்துக்கு ஒரு படி வாங்கிக்கொண்டு போன பிறகு முசேயின் அகராதியை எடுத்து விரலால் தடவித் தடவித் தேடினேன். இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில், அக்கா தங்கைபோல் அடுத்தடுத்து இருந்தன. மீனுக்கு இரண்டு ‘ஸ்’. சிவப்புச் சீட்டில் ஒன்று.

அப்புறம் அகராதியை இருந்த இடத்திலேயே, தூசி கலையாமல் வைத்தேன். அந்த மாதம்தான் பழைய ஆட்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று மேலே ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடச் சான்று ஏதும் கிடையாது. ‘அவனுக்குப் பிரெஞ்சு தெரியும்’ என்று நாலு பேர் சொல்கிற வாய்ச்சொல் ஒன்றுதான் என் சான்று. விஷம் அகப்படவில்லை என்றுதான் முசே எழுதிவிட்டாரே, இனி தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தானாக எதுவும் சரியாகவில்லை. வியாழக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது முருங்கைக்கீரைப் பொரியலும் ரசமும் இருந்தன. என் மனைவி அந்த மீன்காரம்மாவிடம்தான் எப்போதும் வாங்குவாள்.

“மீன் இல்லியா?” என்றேன்.

“இந்த வாரம் மீன் பேச்சே வேணாங்க. ஊர்ல யாருமே வாங்கல.”

“லபோவுல ஒண்ணும் அகப்படலையே.”

“அதத்தான் கொழாயடில சொல்றாங்க. மிஷினுக்கே அகப்படாத விஷமாம். தொரயே கைய விரிச்சிட்டாராம். குப்பத்துல அப்படி ஒரு வேர் வச்சிருக்காங்களாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான்.” பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “நீங்க அங்கதான வேல செய்யறீங்க? நீங்க சொல்லுங்க. இருக்கா இல்லியா?”

அன்றைக்கு நானும் முசே மாதிரிதான் பேசினேன். “அகப்படல,” என்றேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, “பாத்தீங்களா,” என்றாள்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அகப்படவில்லை என்கிற சொல்லை முசே எவ்வளவு யோசித்து எழுதுகிறார். அது அந்த ஜன்னலைத் தாண்டி வெளியே போனால், இருக்கிறது, ஒளிந்துகொண்டிருக்கிறது என்று ஆகிவிடுகிறது. அவர் தேடத் தேட விஷம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. தேடாமல் இருந்திருந்தால்கூட ஊர் இவ்வளவு பயந்திருக்காது. இதற்கெல்லாம் வேர் என் கையெழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தும், நான் ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் வெள்ளி. எங்கள் ஊரில் கிறிஸ்தவர் வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன்தான். அதனால் மார்க்கெட்டுக்கு வாரத்தில் பெரிய நாள் அது. அன்றைக்கு ஒரு கல்லைக் காலியாக விட எந்த மேஸ்திரிக்கும் மனசு வராது. மத்தியானம் மீன்காரம்மா ஜன்னலுக்கு வந்தாள். இந்தத் தடவை கூடை இல்லை. முசே சாப்பிடப் போயிருந்தார்.

“காகிதம் கொண்டு போய்க் காமிச்சேன் தம்பி. ‘அகப்படல’ன்னு போட்டிருக்கே, அகப்பட்டதும் வான்னு சொல்லிட்டாரு மேஸ்திரி.” சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “இன்னிக்கி வெள்ளிக்கெழமயாச்சே, எங் கல்லுல முத்தியால்பேட்டக்காரி ஒருத்திய ஒக்கார வச்சிட்டாரு. ஒரு நாளைக்கா, எல்லா நாளைக்குமான்னு கேட்டேன். அந்தாண்ட போயிட்டாரு.”

“நாளைக்கு வாங்கக்கா, முசேகிட்ட சொல்லிப் பாக்கறேன்,” என்றேன். அவள், “நீ ஒருத்தன்தான் மூஞ்சக் குடுத்துப் பேசற,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை காலை முசே கோட்டைக் கழற்றி மாட்டும் முன்பே சொல்லிவிட்டேன். பதிவேட்டைத் திறந்து, என் தமிழ் எழுத்தைக் காட்டி, சிவப்புச் சீட்டைக் காட்டி, டைப்பிஸ்டிடம் நான் பேசிய பெரிய உண்மையையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்து, பேசி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை.

“அப்ப மாசேர் சொன்னது வெறும் மீன் கொழம்பு. விஷம்ங்கிற பேச்சே மாசேர் எடுக்கல?”

“எடுக்கல முசே.”

“மூணு நாளா நான் கொழம்புல யாரோ எதையோ போட்டாங்கன்னு தேடினேன். கொழம்பு தானாக் கெட்டுதான்னு யோசிக்கவே இல்ல. அது எதுல வந்துது?”

“சீசாவுல.”

“இங்க வந்தது சீசாவுல. ராத்திரி பூரா எதுல இருந்துது?”

எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. போலீஸ் யாரிடம் வாங்கியது என்று கேட்டது, எதில் வைத்தது என்று கேட்கவில்லை. முசே ஜன்னலுக்கு வெளியே நின்ற சைக்கிளைக் காட்டினார்.

வில்லியனூர் ரோட்டில் எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு மூலக்குளம் போய்ச் சேர்ந்தேன். புருஷனும் மாமியாரும் தேறி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். மாமியார் உள்ளே படுத்திருந்தாள். மருமகள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விஷக்கொட்டாயிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் கை நின்றுவிட்டது.

“ஒண்ணும் இல்லம்மா. அந்த மீன் கொழம்ப எந்தச் சட்டில வச்ச? அத மட்டும் பாக்கணும்.”

அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “மண்சட்டிலதாண்ணா வச்சேன். அன்னிக்கி சாயங்காலம் எறக்கும்போது விளிம்புல விரிசல் வுட்டு ஒழுக ஆரம்பிச்சிடுச்சி. அத்தயோட சட்டி அது. தெரிஞ்சா அவ்ளோதான்னு பயந்துகினு, எங்கம்மா வூட்டுப் பித்தள குண்டான்ல ஊத்தி மூடி வச்சிட்டேன்.”

“ஈயம் பூசினதா?”

“பூசணும்னு அம்மா சொன்னாங்க. ஈயம் பூசறவரு இந்தப் பக்கம் இன்னும் வரல.”

“நீ ஏம்மா சாப்புடல?”

“எனக்குப் பழையதுக்கு ஊறுகாதான் புடிக்கும்.” அவள் கண் நிறைந்துவிட்டது. “நான் மட்டும் துன்னல, எனக்கு மட்டும் ஒண்ணும் ஆவல. இதுல குண்டான மாத்துனத வேற சொன்னா, நான்தான் செஞ்சேன்னு சொல்லிடுவாங்கண்ணா. அதான் வாயத் தொறக்கல. போலீசும் கேக்கல. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்.”

கேட்டதும் சொல்லிவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை என்று நான் இரண்டு நாள் இருந்தேன். பயத்தில் கழுவாமல் ஒளித்துவைத்திருந்த குண்டானை வாங்கிப் பார்த்தேன். உள்ளே, குழம்பு நின்ற மட்டத்தில், வளையம் போட்டதுபோல் பச்சைக் களிம்பு. புளியும் பித்தளையும் ஒரு ராத்திரி சேர்ந்து இருந்தால் களிம்பு ஏறும், தின்றால் வாந்திதான் என்று நம் ஊரில் அடுப்பில் கை வைத்த எந்தப் பெண்ணும் சொல்வாள். இதற்கு அமிலமும் வேண்டாம், பூனையும் வேண்டாம்.

குண்டானைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். முசே சீசாவில் மிச்சமிருந்த குழம்பில் கொஞ்சம் எடுத்து, அமிலம் விட்டு, தேய்த்த இரும்புக் கத்தியை அதில் முக்கினார். சிறிது நேரம் கழித்து எடுத்தபோது கத்தி முனையில் புதுக் காலணாவைப்போல் சிவப்பு. செம்பு.

“முசே, அப்ப புதன்கிழமை ஏன் இது தெரியல?”

அவர் மேஜையில் கிடந்த தன்னுடைய பளபளப்பான தகட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். “நான் எதைப் போட்டுத் தேடினேன்? செம்பு. செம்பப் போட்டுட்டுச் செம்பத் தேடினா என்ன தெரியும்? இதான் என் ஏழாவது யான. என் கையிலயே இருந்துது.” அன்றைக்கு அவர் தகட்டைத் தூக்கி எறிந்த வேகத்தில் பூனை தானாகவே ஓடிவிட்டது.

திங்கட்கிழமை புதுக் காகிதம். முசே டைப்பிஸ்டின் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். விஷம் என்கிற சொல் வரவே கூடாது என்றார். டைப்பிஸ்ட் தலையைச் சொறிந்தான். “ஃபாரத்துலயே அச்சடிச்சிருக்கு சார். ‘என்ன விஷம்’னு ஒரு கட்டம். அதுல ஏதாவது போடலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.” வேறு வழியில்லாமல் அந்தக் கட்டத்தில் செம்பு என்று ஏறிற்று. மத்தியானத்துக்குள் குழாயடியில் செய்தி: விஷம் அகப்பட்டுவிட்டதாம். உண்மையைக் கண்டுபிடித்தாலும் குற்றம், கண்டுபிடிக்காவிட்டாலும் குற்றம் என்றால் ஒரு மனிதன் எதற்குத்தான் படித்து இந்த வேலைக்கு வருகிறான்?

மீன்காரம்மா ஜன்னலில் வந்து நின்றாள். முசே அவளை உட்காரச் சொன்னார். ஃபாரத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில், தன் கையால், தமிழில் எழுதினார். ‘பாத்திரத்தில் களிம்பு. மீனில் குற்றம் இல்லை.’ எழுதியதை அவளுக்குப் படித்தும் காட்டினார். அந்த ‘இல்லை’யை நான் எட்டிப் பார்த்தேன். அவர் கையால் அப்படி எழுதி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“இத அன்னிக்கே எழுதியிருக்கலாம்ல தொர?” என்றாள் அவள்.

“அன்னிக்கி எனக்குத் தெரியாதும்மா. என்ன இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் என்ன இல்லைன்னு சொல்ல முடியும்.”

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அவளோடு மார்க்கெட்டுக்குப் போனேன். மேஸ்திரி இரண்டு தடவை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சரிதாம்மா. ஒம் மேல தப்பு இல்ல. நாளைலேந்து வந்து ஒக்காரு.”

“எங் கல்லுல?”

“அது வெள்ளிக்கெழமயே போயிடுச்சே. வியாழக்கெழம இந்தக் காகிதம் வந்திருந்தா நான் எதுக்கு அந்தம்மாவ ஒக்கார வைக்கப் போறேன்? பணம் கட்டி ரசீது வாங்கிட்டாங்க. மேற்கு வாசலண்ட எடம் இருக்கு.”

வியாழக்கிழமை. புதன்கிழமையே என் கையில் அகராதி இருந்தது. புதன் மாலையே சைக்கிளை எடுத்திருந்தால் வியாழன் காலையில் காகிதம் மேஸ்திரி கையில் இருந்திருக்கும். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்ன நினைத்தாளோ, “வுடு தம்பி, நீ இன்னா பண்ணுவ,” என்றாள்.

என் வேலை போகவில்லை. முசே மேலே என்ன எழுதினாரோ, பட்டியலில் என் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு பதிவேட்டில் மீன் என்று வருகிற இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன மீன் படம் போட்டுவைப்பேன். டைப்பிஸ்ட் கேலி செய்வான்: “அண்ணே, இது நெத்திலியா வஞ்சிரமா, தெளிவாப் போடுங்க.”

மேற்கு வாசலில் பத்து மணிக்கெல்லாம் வெயில் இறங்கிவிடும். அவள் ஈரச் சாக்கு போட்டு மூடி மூடி வைப்பாள். பதினோரு மணிக்குள் விற்றுத் தீராவிட்டால் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவாள். நடு வரிசையில் இருந்தபோது குரலை உயர்த்த வேண்டிய அவசியம் இருந்ததில்லை. இங்கே போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு வருஷத்தில் அவள் தொண்டை கரகரத்துப் போயிற்று.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். தூரத்தில் என்னைக் கண்டதுமே பக்கத்தில் இருப்பவர்களிடம், “எங்க தம்பி வருது பாரு, இதுதான் மூலக்குளம் வரைக்கும் சைக்கிள் மிதிச்சிப் போயி எம் மானத்தக் காப்பாத்துச்சி,” என்பாள். பிறகு என்னிடம், “இன்னா தம்பி, மீனுக்கு எத்தன?” என்பாள். நான் “ரெண்டு” என்று சொல்ல வேண்டும். சொன்னதும் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ‘ஸ்ஸ்’ என்று சீறிச் சிரிப்பார்கள்.

நான் வாங்கியதற்கு மேல் எப்போதும் ஒரு மீனைக் கொசுறாகப் போடுவாள். வெயிலில் வாடின கையால் அதை அவள் எடுத்துப் போடுகிறபோதெல்லாம், இன்றைக்கு அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறப்பேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

“இன்னா, இன்னும் ஒண்ணு வேணுமா? கேக்க வேண்டியதுதான,” என்று சொல்லி, இன்னொன்றையும் எடுத்துப் பையில் போட்டுவிடுவாள்.